டப்பாப் பாலும் எல்லைப்புறக் குடிகளும்

மலாயாவுக்கும் பர்மாவுக்கும் இலங்கைக்கும் பிழைப்புத் தேடிப் போய்த் திரும்பியவர்களின் வீடுகளில் ஒரு வழக்கத்தை நாம் கண்டிருக்கிறோம். உலைக்கு அரிசி அளக்க அவர்கள் படியையும் ஆழாக்கையும் தேடமாட்டார்கள். காலியான பழைய பால் டின் ஒன்றைப் பானைக்குள் விட்டு, தலைதட்டி எடுப்பார்கள். இது அவ்வீட்டாரின் தனிப் பழக்கம் அன்று. பர்மாவில் பால் டின் என்பது கடைவீதியெங்கும் வழங்கிய அரிசி அளவை. எட்டு டின் சேர்ந்தால் அந்நாட்டு அளவையில் ஒரு 'பியி'. இலங்கையிலும் ஒரு சுண்டு அரிசி என்றால் ஒரு பால் பேணி அரிசி என்றே குடும்பப் பெண்கள் கணக்கு வைத்தார்கள். ஒரு நாட்டு மக்கள் தங்கள் தானியத்தை எந்தப் பாத்திரத்தால் அளக்கிறார்களோ, அந்தப் பாத்திரம் இல்லாத வீடு அங்கே இல்லை என்று பொருள். ஆனால் அதே வீடுகளில் மாடு இருந்ததா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை என்பதே விடையாகும்.

பால் கறக்கும் மாடு இல்லாத இடத்திலே பால் எப்படி அன்றாட உணவாயிற்று, அதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்பதை நம் அங்கத்தினர்கள் சிந்திக்கவேண்டும் என்று கருதுகிறோம். தறி வைத்திருப்பவரும் மாடு வைத்திருப்பவரும் அடுத்தடுத்த தெருவில் வாழும் பகுதி நம்முடையது. ஆகவே இது நம் வீட்டுச் செய்தியே.

பாலைச் சுண்டக் காய்ச்சினால் கெட்டுப்போகாமல் சற்று அதிக நேரம் நிற்கும் என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த சங்கதிதான். திரட்டுப்பால் செய்யாத வீடு ஏது? அதை யந்திரத்தில் செய்து தகர டப்பாவில் அடைத்து ஆண்டுக்கணக்கில் காப்பாற்ற வழி கண்டவர் அமெரிக்காவைச் சேர்ந்த கெயில் போர்டன் என்பவர். காற்றை வெளியேற்றிய கொப்பரையில் குறைந்த சூட்டில் பாலை வற்றவைத்துச் சர்க்கரை சேர்க்கும் முறைக்கு 1856-இல் அவர் காப்புரிமை பெற்றார். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரர்களுக்கு அந்த டப்பா விநியோகிக்கப்பட்டது. போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் அந்தச் சுவையையும் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1866-இல் பேஜ் சகோதரர்கள் ஸ்விட்சர்லாந்தில் ஒரு கம்பெனி தொடங்கினர். அது 1905-இல் நெஸ்லே கம்பெனியோடு இணைந்தது. தலையில் பால்பாத்திரம் சுமந்த பெண்ணின் படம் போட்ட அவர்களுடைய டப்பாவை நம்மவர் அனைவரும் அறிவர். சர்க்கரை சேர்க்காமலே பாலை வற்றவைத்து டப்பாவிலேயே கொதிசூட்டில் தூய்மை செய்யும் முறை 1885-இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. அலாஸ்காவை அடுத்த கிளாண்டைக் பகுதிக்குப் பொன் தேடி 1896-க்குப் பின் ஓடியவர்களும், மாடு மேயப் புல்லில்லாத பாலைநிலங்களிலும் பனிநிலங்களிலும் குடியேறியவர்களும் இந்த டப்பாக்களையே பாலென்று நம்பி வாழ்ந்தார்கள்.

அவர்களைப் பொறுத்தவரை அதில் பெரிய குறையில்லை. கையில் காசும் துப்பாக்கியும் உள்ள வளர்ந்த ஆண்கள் தாமே விரும்பிப் போன இடம் அது. இறைச்சியும் மாவும் பருப்பும் அவர்களிடம் இருந்தன. பால் அவர்கள் காப்பிக்கு மட்டுமே வேண்டியிருந்தது. ஆனால் நம்மவர் போன எல்லைப்புறம் வேறு மாதிரியானது.

வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த காலத்தில், கப்பலேறுவோரைத் தங்கவைத்த முகாம்கள் இரண்டு. ஒன்று நாகப்பட்டினம், மற்றொன்று ஆவடி. இன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அதே ஆவடிதான். கங்காணி அழைத்துவர, இங்கிருந்து பினாங்கு போய்ச் சேர்ந்த குடும்பங்கள் காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டங்களில் லயங்களில் குடியேறின. 1938-இல் இந்திய அரசாங்கம் இந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்யும்வரை இது நடந்தது. விடியுமுன் பெரட்டு. அதற்குள் எழுந்து, பொங்கி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பெண்ணும் ஆணும் பால்வெட்டப் போகவேண்டும். மரத்தில் வெட்டுவதும் பால்தான். அந்தப் பாலைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. தாய் திரும்பி வரும்வரை பிள்ளைக்கு எது ஆதாரம்? தோட்டத்துக் கடையில் பற்று எழுதி வாங்கிய டின்பாலே ஆதாரம்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. முழுப்பாலில் செய்த இனிப்பு டின்பால் 400 கிராமில், பாலின் திடப்பொருள் ஏறத்தாழ 120 கிராம், சர்க்கரை 170 முதல் 180 கிராம், மீதி நீர். நல்ல பசும்பாலில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு திடப்பொருள் என்று கொண்டால், அந்த டப்பாவில் இருப்பது ஒரு லிட்டர் பாலின் சத்து. ஒரு லிட்டர் பாலுக்கு 170 முதல் 180 கிராம் சர்க்கரையை எந்தத் தாயும் தானாகப் போடமாட்டாள். அந்த ஒரு லிட்டராகவே கலக்கிக் கொடுத்தாலும் பாதகம் குறைவு. ஆனால் கூலி முடிய நாள் இருக்கும்போது டப்பா தீர்ந்துவிடக்கூடாதே என்று இரண்டு கரண்டி ஊற்ற வேண்டிய இடத்தில் ஒரு கரண்டி ஊற்றி வெந்நீரை நிரப்புவார்கள். இனிப்பு இருப்பதால் பிள்ளை மறுக்காமல் குடிக்கும். வயிறு நிரம்பும், கன்னம் ஊதும், எலும்பும் தசையும் வளரா. வெண்ணெய் எடுத்த பாலில் செய்த மலிவு டப்பாவானால் இன்னொரு கேடும் சேரும். கொழுப்போடு வைட்டமின் ஏ சத்தும் போய்விடுவதால், அதையே நம்பிய பிள்ளைகளுக்குக் கருவிழி வெந்து பார்வை போனதை அக்காலத்துக் கீழ்த்திசை நாடுகளில் மருத்துவர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

இதை அம்பலத்தில் சொன்னவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார். ஜமைக்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவின் தங்கக்கரை நாட்டில் பிள்ளைகளை உருக்கிய 'க்வாஷியார்க்கர்' நோயை இன்னதென்று உலகுக்கு அறிவித்தவர். பின்னர் மலாயாவில் பணிபுரிந்தபோது, செவிலியர் உடையணிந்த பெண்களைக் கொண்டு தாய்மார்களிடம் டின்பாலைப் பிள்ளைகளுக்கு நல்ல உணவென்று பிரசாரம் செய்வதைக் கண்டார். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தாரின் முன்னே அவர் நிகழ்த்திய சொற்பொழிவின் தலைப்பு 'பாலும் கொலையும்' என்பது. தவறான பிரசாரத்தால் நேரும் குழந்தைச் சாவுகளைக் கொலையென்றே கருதவேண்டும் என்பது அவர் கூறியதன் சாரம். அழைத்தவர்களில் வியாபாரிகளும் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல ஒரு துணிவு வேண்டும். அவர் மூட்டிய விவாதம் அவருடைய காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1977-இல் தொடங்கிய பால்மாவுப் புறக்கணிப்பு இயக்கமும், 1981-இல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த நெறிமுறையும், நம் நாட்டில் 1992-இல் இயற்றப்பட்ட குழந்தைப்பால் மாற்றுணவுச் சட்டமும் அந்த வழியிலே வந்தவைதாம்.

தோட்டத்தில் இருந்த தமிழர் அனைவரும் டின்பாலே கதியென்று கிடந்தார்கள் என்று சொல்வதும் சரியாகாது. மேய்ச்சலுக்கு இடம் கிடைத்த தோட்டங்களில் அவர்கள் மாடு வளர்த்தார்கள். மலாயா நகரங்களில் சைக்கிளில் கறந்த பால் கொண்டுபோய் ஊற்றிய பால்காரர் பெரும்பாலும் தமிழரே. ஒரு துண்டு நிலமும் ஒரு கட்டுப் புல்லும் இருந்த இடத்தில் நம்மவர் மாட்டை மறக்கவில்லை. நிலமும் புல்லும் துரையினுடையதாக இருந்த இடத்திலேதான் டப்பா வென்றது. இன்று அந்நாட்டுத் தேநீர்க் கடைகளில் பல இடங்களில் ஊற்றப்படுவது டின்பால்கூட அன்று. பனையெண்ணெய் சேர்த்துச் செய்த இனிப்புக் குழம்பு. டப்பாவின் வடிவும் வண்ணமும் மட்டும் பழையபடியே இருக்கின்றன.

இவ்வளவு சொல்லியதனால் டப்பாப் பாலையும் பால் தூளையும் நஞ்சென்று நாம் பழிப்பதாக யாரும் கொள்ளவேண்டாம். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் டாக்டர் அய்க்ராய்டும் அவருடைய துணைவரும் 1937-இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. அரிசிச் சோறே பிரதானமாக உண்ட விடுதிப் பிள்ளைகளுக்கு, அந்தச் சோற்றோடுகூட வெண்ணெய் நீக்கிய பால் தூளைக் கரைத்து நாள்தோறும் கொடுத்துவந்தார்கள். கொடாத பிள்ளைகளைவிட இவர்கள் உயரத்திலும் எடையிலும் மேலாக வளர்ந்தார்கள். மலாயாவில் பிள்ளைகளை வாட்டியதும் குன்னூரில் பிள்ளைகளை வளர்த்ததும் ஏறக்குறைய ஒரே பொருள்தான். ஓரிடத்தில் அது சோற்றுக்குத் துணையாக வந்தது. மற்றோரிடத்தில் தாய்ப்பாலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. லடாக்கிலும் சியாச்சினிலும் பனிமலையின்மேல் காவல் புரியும் நம் ஜவான்களுக்கு டப்பாப் பால் ரேஷனில் உண்டு. வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து படைக்குப் போனவர்களைக் கேட்டால், அந்தக் குளிரில் டப்பாவைத் துளைத்து வெந்நீரில் கரைத்துக் குடிப்பதன் அருமையைச் சொல்லுவார்கள். அதை யார் குறை கூறுவர்?

நிற்க. இதே பாலை வற்றவைக்கும் வித்தை உற்பத்தியாளர் கைக்கு வந்தபோது என்ன நேர்ந்தது என்பதே நம் சங்கத்தார்க்கு முக்கியமான பகுதி.

குஜராத்தில் கேடா ஜில்லா விவசாயிகள், தங்கள் பாலைப் பம்பாய்க்கு அனுப்பும் உரிமை ஒரே தனியார் கம்பெனியிடம் இருந்ததை எதிர்த்து, 1946 ஜனவரியில் கூடி, பால் ஊற்றுவதில்லை என்று உறுதி பூண்டார்கள். பதினைந்து நாள் பம்பாய்க்குப் பால் போகவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் தேதி அவர்களுடைய கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவன்தாஸ் படேல் தலைவர். தொடக்கத்தில் இரண்டே கிராமச் சங்கங்கள். நாளொன்றுக்கு 250 லிட்டர் அளவுதான் பால். ஆனால் விரைவில் அவர்களுக்கு ஒரு புதிய இடர் தோன்றியது. எருமை குளிர்காலத்தில் கறப்பது கோடையில் கறப்பதைப்போல இரண்டரை மடங்கு. கோடையில் 'கொண்டா, கொண்டா' என்று கேட்கும் பட்டணம், குளிர்காலத்தில் 'போதும்' என்று கையை விரிக்கும். மிஞ்சிய பாலை என் செய்வது? ஊற்ற வந்தவரைத் திருப்பி அனுப்பினால் சங்கம் எதற்கு?

தூளாக்கினால் தப்பலாம். ஆனால் எருமைப்பாலைத் தூளாக்க இயலாது என்பதே அக்காலத்து மேனாட்டு நிபுணர்களின் துணிபு. வர்கீஸ் குரியனோடு பணிபுரிந்த எச்.எம். தலாயா என்னும் பொறியியலார் அதைச் செய்து காட்டினார். ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் நிதியம் யந்திரம் கொடுத்தது. அதற்கு ஈடாக ஏழைக் குழந்தைகளுக்கு இலவசப் பால் வழங்குவதென்று ஏற்பாடு. 1955 அக்டோபர் 31-ஆம் தேதி பண்டித நேரு அந்த ஆலையைத் திறந்துவைத்தார். அன்றுமுதல் குளிர்காலத்துப் பால் கோடை வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டது. தோட்டத்துக் கூலிக்குக் கடன் பற்றாக வந்த அதே சரக்கு, ஆனந்தில் விவசாயியின் விலைக்குக் காவலாக நின்றது.

பின்னர் 1970-இல் வெண்மைப் பெருக்குத் திட்டம் தொடங்கியபோது, ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தார் தங்களிடம் மலைபோல் குவிந்துகிடந்த பால் தூளில் 1,26,000 டன்னும், வெண்ணெயெண்ணெய் 42,000 டன்னும் உலக உணவுத் திட்டத்தின் வழியாக நமக்கு இனாமாகத் தந்தார்கள். இனாமாக வந்ததை இனாமாகவோ மலிவாகவோ ஊற்றியிருந்தால் நம் நாட்டு மாட்டுக்காரன் அன்றே அழிந்திருப்பான். அதைப் பம்பாய், கல்கத்தா, டில்லி, சென்னை ஆகிய நான்கு நகரப் பால்பண்ணைகளில் கரைத்து நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தைக் கிராமச் சங்கங்களையும் குளிர்விப்பு நிலையங்களையும் கட்டுவதற்குச் செலவிட்டார்கள். இத்திட்டத்தைக் கடுமையாகத் தாக்கியவர்களும் உண்டு. கிளாட் ஆல்வாரஸ் என்பவர் 1983-இல் ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையில் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தை எழுப்பிற்று. பட்டணத்துக் காப்பிக்காகக் கிராமத்துப் பிள்ளையின் வாயிலிருந்து பாலை எடுக்கிறீர்கள் என்பது இத்திட்டத்தின்மேல் பலரும் சாட்டிய குற்றம். திட்டத்தைப் போற்றும் நாமும் இந்தக் குற்றச்சாட்டு முழுதும் பொய்யென்று சொல்லத் துணியமாட்டோம். ஏனெனில் அதற்குச் சாட்சி நம் தெருவிலேயே இருக்கிறது.

திருத்தணியைச் சுற்றியுள்ள பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை ஆகிய ஊர்களில் தறிச்சத்தம் கேட்காத தெரு அரிது. அந்தத் தெருக்களின் பின்னாலே கரும்பும் நெல்லும் வேர்க்கடலையும் விளையும் நிலங்கள். அவற்றில் வேலை செய்வோரின் மாட்டுக் கொட்டகைகள். விடியற்காலையில் மாட்டுக்காரர் கறந்த பாலைச் சைக்கிளில் வைத்துச் சங்கத்துக்கோ தனியார் சேகரிப்பு நிலையத்துக்கோ கொண்டுபோய் ஊற்றிவிடுகிறார். கொழுப்பைச் சோதித்து அட்டையில் எழுதுகிறார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது பாத்திரம் காலி. அதே தெருவின் முனையில் அவருடைய பேரப்பிள்ளைக்குக் கடுந்தேநீரில் ஒரு சொட்டு பாக்கெட் பாலும் மூன்று கரண்டி சர்க்கரையும் கலந்து, தொட்டுக்கொள்ள ஒரு பொறையும் கொடுக்கிறார்கள். நெசவாளர் வீட்டிலோ மாடே இல்லை. காலையிலிருந்து இரவு வரை தறியில் நிற்பவர் பசியை அமர்த்துவது தேநீரால். பிள்ளையும் அதையே கேட்கிறது. பத்து ரூபாய்ப் பால் தூள் பொட்டலமும், 'பாலுக்கு நிகர்' என்று கடைக்காரர் சொல்லும் வெள்ளைப் பொடியும் பெட்டிக்கடையில் தொங்குகின்றன. அவற்றுள் எது பால், எது எண்ணெயும் சர்க்கரையும் என்று பின்புறத்து எழுத்தைப் படித்து அறிபவர் எத்தனை பேர்? மலாயாத் தோட்டத்து லயத்தில் 1930-ஆம் ஆண்டுகளில் நடந்தது, மாடும் நிலமும் உள்ள நம் ஊரிலேயே வேறு வேஷத்தில் நடப்பதைக் கண்டு நாம் வெட்கமடையவேண்டியிருக்கிறது.

நம் பகுதிக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அதனோடு போயிற்று. ம.பொ. சிவஞானம் முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பின், பட்டாஸ்கர் செய்த சமரச ஏற்பாட்டின்படி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. கோட்டை இப்படிப் போட்டாலும் அப்படிப் போட்டாலும் மாடு அதைப் பார்த்து மேய்வதில்லை. நகரிப் பக்கத்து நெசவாளருக்கும் நமக்கும் நூலிலும் உறவிலும் உள்ள தொடர்பு பாலிலும் உண்டு. எல்லைக்கு அப்பால் சித்தூர் ஜில்லாவின் கூட்டுறவுப் பால்பண்ணை 2002-இல் மூடப்பட்டது. மூடிய பின் அங்குள்ள உற்பத்தியாளர் தனியாரைச் சார்ந்தே விலை பெறவேண்டியதாயிற்று. 2023-இல் அதை அமுல் கூட்டுறவின் துணையோடு புதுப்பிக்க அடிக்கல் நாட்டினார்கள். அவ்வாண்டு மே மாதத்தில், கேடா ஒன்றியத்தார் நம் மாநிலத்து வடமாவட்டங்களில் பால் கொள்முதலுக்கு முற்படுகிறார்கள் என்றும், ஒரு கூட்டுறவின் பாலெல்லைக்குள் மற்றொன்று புகலாகாது என்றும் நம் முதலமைச்சர் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அதில் குறிக்கப்பட்ட மாவட்டங்களுள் திருவள்ளூரும் ஒன்று.

இவ்விஷயத்தில் நம் கருத்தைச் சற்று ஒளிவின்றியே சொல்லிவிடுகிறோம். நம் கூட்டுறவைக் காக்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாலுக்குரிய தொகையைக் காலத்தில் பட்டுவாடா செய்யாமல், தீவனத்தை வேண்டியபோது கொடாமல், எல்லைக்கோட்டை மட்டும் காட்டி உற்பத்தியாளரைக் கட்டிவைக்க நினைப்பது பலிக்காது. குளிர்காலத்தில் பெருகும் பாலை ஏற்கவும், வற்றவைக்கவும், தூளாக்கவும் தனக்கே திறனுள்ள ஒன்றியம்தான் எல்லையைக் காக்கும். 2018-இல் தூள் விலை சரிந்தபோது மகாராஷ்டிரத்தில் விவசாயிகள் பாலைச் சாலையில் கொட்டினார்கள். தூள் கிடங்கில் தேங்கினால் கறவைக்காரன் விலை வீழும். ஆகவே தூளாக்கும் யந்திரம் மட்டும் போதாது. அந்தத் தூளுக்கு நாள்தோறும் ஒரு வாய் வேண்டும். அந்த வாய் நம் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது.

கர்நாடகத்தார் இதைக் கண்டுகொண்டார்கள். 2013 ஆகஸ்டு 1-ஆம் தேதி தொடங்கிய 'க்ஷீர பாக்கியா' திட்டத்தின்கீழ், தங்கள் பால் கூட்டமைப்பில் மிஞ்சும் பாலைத் தூளாக்கி, 18 கிராம் தூளை 150 மில்லி பாலாகக் கரைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஊற்றுகிற விவசாயிக்கு மிச்சம் என்று பேச்சில்லை. குடிக்கிற பிள்ளைக்குச் சோற்றோடு துணையாகிறது. குன்னூரில் 1937-இல் கண்ட உண்மையைத்தான் அவர்கள் மாநிலமளவில் செய்திருக்கிறார்கள். நம் மாநிலத்துச் சத்துணவில் முட்டை உண்டு. 2022-இல் தொடங்கிய காலை உணவும் உண்டு. அதற்கெல்லாம் நாம் நன்றியுடையோம். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை வட்டங்களில் மட்டுமாவது ஒரு குவளைப் பாலும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாகாதா என்று கேட்கிறோம். சர்க்கரைக்கும் வெளியே போகவேண்டியதில்லை. திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. அதற்குக் கரும்பு வெட்டி அனுப்புபவர்கள் நம் அங்கத்தினர்களே. அதிகம் போடவேண்டாம் என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

வெளிநாட்டுத் தூளை நம்பியிருந்தால் என்ன நேரும் என்பதை இலங்கை காட்டிவிட்டது. அங்கே மலைநாட்டுத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பால் என்றாலே பால்மா என்றாகிவிட்டிருந்தது. நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்து அதை இறக்குமதி செய்துவந்தார்கள். அந்நியச் செலாவணி வற்றியவுடன் பால்மாவுக்காகக் கடைவாசலில் வரிசை நின்றது. 2021 அக்டோபரில் 1,195 ரூபாயாக இருந்த ஒரு கிலோப் பொட்டலம் 2022 மார்ச்சில் 1,945 ரூபாயாயிற்று. தேயிலை பறிப்பவள் பால் கலந்த தேநீரை விட்டுச் சாயத் தண்ணீரைக் குடித்தாள். அவளைச் சுற்றிலும் பச்சைமலை; புல்லுக்குப் பஞ்சமில்லை. அம்மாதத்திலேயே குழந்தைகளைத் தோளில் சுமந்து படகேறி இராமேசுவரக் கரையில் வந்திறங்கிய குடும்பங்களை நாம் பத்திரிகைகளில் கண்டோம்.

நம்மால் இப்பொழுதே செய்யக்கூடியவை சில உண்டு. அரசாங்கத்தாரின் உத்தரவுக்குக் காத்திராதவை அவை. பால் ஊற்றும் அங்கத்தினர், பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டுமுன், வீட்டிலுள்ள பிள்ளை ஒன்றுக்கு ஒரு ஆழாக்கு வீதம் அளந்து வைத்துவிட்டு மீதியைக் கொண்டுபோகலாம். அட்டையில் வருமானம் சற்றுக் குறையும் என்பதை அறிவோம். ஒரு மனிதருக்கு நாளொன்றுக்கு 300 மில்லி பாலாவது வேண்டும் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கூறுகிறது. நாம் கேட்பது அதிலும் குறைவு. நெசவாளர் சங்கமும் பால் சங்கமும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றுக்கொன்று கணக்கில்லாமல் இருக்கின்றன. நெசவுக் கூலியிலிருந்து வாரந்தோறும் ஒரு சிறு தொகையைப் பிடித்துப் பால் சங்கத்தில் கட்டி, தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு உள்ளூர்ப் பாலையே காலையில் ஊற்ற ஏற்பாடு செய்வது கடினமன்று. பட்டணம் போய்ப் பாக்கெட்டாகத் திரும்பி வருவதற்குள் ஏறும் செலவு அதில் மிச்சமாகும். ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குத் தாய்ப்பாலன்றி டின்பாலோ தூள்பாலோ எதுவும் ஆகாது என்பதை, தறியில் நிற்கும் தாய்மாருக்குச் சங்கத்தின் பெண் அங்கத்தினர்களே வீடுதோறும் சென்று சொல்லவேண்டும். அவர்களுக்கு அந்நேரத்தில் தறியை விட்டு இறங்கக் கூலி வெட்டின்றி அரைமணி நேரம் அனுமதிக்கவேண்டியது தறி உரிமையாளரின் பொறுப்பு. அவர்களுள்ளும் நம் அங்கத்தினர் பலர் உளர். இந்த வரி அவர்களுக்காகவே எழுதப்பட்டது.

இந்தியாவிலேயே முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 ஆகஸ்டு 30-ஆம் தேதி பதிவானது நம் மாவட்டத்துத் திரூரிலே. அன்று அதில் சேர்ந்த விவசாயிகளுக்கு வழிகாட்ட முன்மாதிரி ஒன்றும் இல்லை. நமக்கு ஆனந்தும் உண்டு, மலாயாவும் உண்டு.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்துக்கு வரும் அங்கத்தினர்கள், தங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் கறந்த பால் எவ்வளவு, ஊற்றியது எவ்வளவு, பிள்ளைகள் குடித்தது எவ்வளவு என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு வரும்படி கேட்டுக்கொள்கிறோம். மாடில்லாத நெசவாளர் அங்கத்தினர்கள், வாரத்தில் வாங்கிய பாக்கெட்டும் பொட்டலமும் இன்னவென்று எழுதி, காலியான ஒரு பொட்டலத்தை அத்தாளோடு குத்திக்கொண்டு வந்தால், அதில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதை எல்லோரும் சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.